பத்து நாள் மௌனமா, பாத்திரம் கழுவும் தியானமா? அன்றாட வாழ்க்கைக்குள் ஆன்மிகம் தேடுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"வேலைக்குப் போகிறேன், வீட்டில் சின்னக் குழந்தை, கோவிலுக்குப் போய் வரக்கூட நேரம் கிடைப்பதில்லை. விபாசனா மௌன முகாமுக்குப் போகலாமா, மனவளக்கலை மன்றத்தில் சேரலாமா, போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் போதுமா? செய்கிற வேலையைக் கவனமாகச் செய்தாலே ஆன்மிகம்தான் என்கிறார்களே, அதெல்லாம் நடக்கிற காரியமா?"

வார்த்தை கொஞ்சம் மாறினாலும் கேள்வி இதுதான், அடிக்கடி வருகிறது. எல்லாமே நல்ல வழி, பிடித்ததைச் செய்யுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வழியும் கேட்கிற விலை வேறு. அந்த விலை தெரியாமல் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டு, "எனக்கெல்லாம் தியானம் வராது" என்று முடிவுகட்டியவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் நேரம். எத்தனை நிமிடம் என்பதைவிட அது யாருடைய நேரம் என்று பாருங்கள். காலை ஆறு மணிக்கு நீங்கள் கண்ணை மூடி உட்கார்ந்தால், அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு நிற்பது யார்?

அடுத்தது பணம். இதில் பெரிய சிக்கல் இல்லை, கீழே சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது, பிசகினால் தெரியுமா என்பது. கவனம் நழுவத்தான் செய்யும், மனசின் சுபாவமே அதுதான். நழுவிவிட்டது என்று எடுத்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா? ஒரு மணியோசை, ஓர் ஆசிரியர், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், அல்லது கையில் இருக்கிற வேலையே. நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். சுட்டிக்காட்ட எதுவும் இல்லாத பயிற்சி கொஞ்ச நாளில் பகல்கனவாகிவிடும். கண் மூடியிருக்கும், மனசு வீட்டுக்கடன் தவணையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும், எழுந்து வந்து "இன்னிக்கு நல்லா இருந்தது" என்போம்.

நான்காவது, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற வழிபாட்டோடு ஒத்துப்போகுமா என்பது. விளக்கு, விபூதி, விரதம், தொழுகை, ஜெபம் எதுவாகவும் இருக்கட்டும், அதை விட்டுவிட்டு வா என்று சொன்னால் சிலருக்கு அங்கேயே கதவு சாத்திவிடும்.

கடைசியாக, கண்ணைத் திறந்த பிறகு என்ன ஆகிறது? மேனேஜரின் மெயிலைத் திறக்கும்போதும், பிள்ளை நான்காவது தடவையாகத் தண்ணீரைக் கொட்டும்போதும் அந்தப் பயிற்சி கூட வருகிறதா?

| வழி | கேட்கும் நேரம் | பணம் | பிசகினால் சொல்வது | வெளியில் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| விபாசனா முகாம் | போக வர 12 நாள்; பிறகு தினம் 2 மணி நேரம் | கட்டணம் இல்லை, விரும்பினால் நன்கொடை | மணி, ஆசிரியர், அசையாத ஒரு மணி நேரம் | நீங்கள் இல்லாத வீட்டின் பாரம் |
| மனவளக்கலை மன்றம் | காலையிலோ மாலையிலோ வகுப்பு, வீட்டில் பயிற்சி | மன்றத்துக்கு மன்றம் மாறும் சிறு தொகை | ஆசிரியர், கூட வருபவர்கள் | அவர்களுடைய சொற்களையும் தத்துவத்தையும் ஏற்க வேண்டியிருப்பது |
| போன் ஆப் | 10 நிமிடத்திலிருந்து | இலவசம் முதல் ஆண்டுச் சந்தா வரை | உருப்படியாக எதுவும் இல்லை | கையில் போன் |
| செய்யும் வேலையே சாதனை (ஆன்மிகப் பயிற்சி) | தனி நேரம் வேண்டாம் | இல்லை | நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பொறுத்தது | ஏமாற்றிக்கொள்வது சுலபம் |

## விபாசனா: பத்து நாள் முகாம்

பர்மாவில் பிறந்த சத்ய நாராயண் கோயங்கா (1924–2013), அங்கே சயாஜி ஊ பா கின்னிடம் கற்று, 1969-இல் இந்தியாவில் கற்பிக்க ஆரம்பித்த முறை இது. நாசிக் பக்கம் இகத்புரியில் பெரிய மையம் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குப் பக்கத்திலிருப்பது திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது.

காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும். நடுவில் ஏறக்குறைய பத்து மணி நேரம் உட்கார வேண்டும். பேச்சு கிடையாது, புத்தகம், பேனா கிடையாது, போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். பதினொரு மணிக்கு மதியச் சாப்பாடு. புதிதாக வருபவர்களுக்கு மாலை ஐந்து மணிக்குத் தேநீரும் பழமும், அவ்வளவுதான் ராத்திரிச் சாப்பாடு. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சை மட்டும் கவனிப்பது. நான்காம் நாள்தான் உடம்பில் தோன்றும் உணர்ச்சிகளைத் தலையிலிருந்து கால்வரை கவனிக்கிற விபாசனா தொடங்கும். அதற்குப் பிறகு தினம் மூன்று முறை, ஒரு மணி நேரம் கை, கால், கண் அசைக்காமல் உட்காரச் சொல்வார்கள். முழங்கால் எரியும். எரிகிறதே என்று காலை மாற்றத் துடிக்கிற மனசு இருக்கிறதே, அதைப் பார்ப்பதுதான் அங்கே பாடம்.

பிசகினால் தெரியுமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு எந்த வழியிலும் இல்லை. தப்பிக்க அங்கே இடமே கிடையாது. பணமும் கேட்பதில்லை, ஒரு முகாமை முடித்தவர்களிடம் மட்டும்தான், அதுவும் அவர்களாக விரும்பிக் கொடுத்தால்தான், நன்கொடை வாங்குவார்கள்.

வெளியில் தெரியாத செலவு மூன்று. முகாம் பத்து நாள் என்றாலும், போய்ச் சேரும் நாளையும் கிளம்பும் காலையையும் சேர்த்தால் பன்னிரண்டு நாள் விடுப்பு வேண்டும். அந்தப் பன்னிரண்டு நாளும் குழந்தையை, வயதான அப்பாவை, கேஸ் புக்கிங்கை யாரோ ஒருவர் சுமக்க வேண்டும். கணவன் முகாமுக்குப் போய் நிம்மதியோடு திரும்பி வருவான், மனைவி களைத்துப்போய்க் கதவைத் திறப்பாள். அடுத்த முறை அவள் போகவும் இவன் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் கணக்கு நேராகும்.

இரண்டாவது, திரும்பி வந்த பிறகு காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். அது முடியாமல் போகிறவர்கள்தான் அதிகம். மூன்றாவது, முகாம் முடியும்வரை மந்திரம், ஜெபமாலை, விளக்கு, வேறு தியானம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். தினம் பூஜை செய்யாமல் சாப்பிடாதவர்களுக்கு இது லேசான நிபந்தனை இல்லை.

மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் விண்ணப்பத்திலேயே அதை மறைக்காமல் எழுத வேண்டும். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தனிமையும் மௌனமும் எல்லோருக்கும் மருந்தாவதில்லை. ஆன்மிக வெறுமை என்று நாம் நினைப்பது சில நேரம் மனச்சோர்வாக இருக்கும். தூக்கமும் பசியும் கெட்டு வாரக்கணக்காகி, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

## மனவளக்கலை மன்றம்

வேதாத்திரி மகரிஷி (1911–2006) கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பஸ்தர். காட்டுக்குப் போகாமல், கடையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டே செய்யக்கூடிய முறையாகத்தான் மனவளக்கலையை வகுத்தார். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆழியாறில் அவர்களுடைய மையமான அறிவுத் திருக்கோயில் இருக்கிறது. ஊருக்கு ஊர் மன்றங்கள் இருப்பதால் பெரும்பாலானவர்களுக்கு வண்டியில் போய்வரும் தூரத்தில் ஒன்று கிடைத்துவிடும்.

எளியமுறை உடற்பயிற்சி, தீட்சை கொடுத்து ஆரம்பிக்கும் தவம், காயகல்பம், அகத்தாய்வு என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். இந்த ஒப்பீட்டுக்கு முக்கியமானது அகத்தாய்வு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்து எழுத வேண்டிய வேலை அது. யார் மேல் கோபம், எதற்காக, நம் பங்கு அதில் எவ்வளவு? எழுதிப் பார்த்தால் அதே இரண்டு பேர் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும், ஒருவர் பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே இருப்பார். கண்ணைத் திறந்த பிறகு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பயிற்சி இது. ஆகஸ்ட் 30-ஐ மனைவி நல வேட்பு நாளாக வைத்திருப்பதும் மன்றத்துக்காரர்களின் வழக்கம். நடைமுறையில் அன்று ஒருநாள் மட்டும் பூக்கொடுத்து முடித்துக்கொள்பவர்களும் உண்டு, அதற்கு மன்றம் என்ன செய்யும்.

குண்டலினி, சீவகாந்தம் என்று உடம்புக்குள் இயங்கும் ஆற்றலைப் பற்றிச் சொல்கிற சொற்களை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். "இதற்கெல்லாம் ஆதாரம் என்ன?" என்று ஒவ்வொன்றையும் கேட்கிற சுபாவம் உங்களுக்கு என்றால் வகுப்பில் நிலைகொள்ளாமல் தவிப்பீர்கள். கூட்டமாகச் செய்தால்தான் எதுவும் நிலைக்கும் என்பவர்களுக்கு, குறிப்பாக ஓய்வு பெற்றவர்களுக்கு, இதைவிட வசதியானது இல்லை. ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு வகுப்பு நேரம் இடிக்கும்.

## ஆப், எட்டு வார வகுப்பு

ஹெட்ஸ்பேஸ், காம், இன்சைட் டைமர் என்று நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலம். இலவசமாகக் கிடைப்பவற்றிலேயே ஆரம்பத்துக்கு வேண்டியது இருக்கிறது. சந்தா கட்டுவதானால், சோதனைக் காலம் முடிந்ததும் ஆண்டுத் தொகை தானாகப் பிடிக்கப்படுமா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஆப், மூச்சைக் கவனிப்பது எப்படி என்று தெரிந்துகொள்கிறவரைக்கும் உதவும். அதற்குப் பிறகு தடை. தொடர்ந்து எத்தனை நாள் திறந்தீர்கள் என்று அது எண்ணும், அந்தப் பத்து நிமிடம் மனசு எங்கே போனது என்று அதற்குத் தெரியாது. தியானம் முடிந்து கண்ணைத் திறந்தால் கையில் இருப்பது போன். வாட்ஸ்அப்பில் பதினேழு செய்தி காத்துக்கொண்டிருக்கும்.

மத வாசனையே வேண்டாம், ஆனால் ஒழுங்கான பயிற்சி வேண்டும் என்பவர்களுக்கு ஆப்பைவிட நல்லது எம்.பி.எஸ்.ஆர் (MBSR) என்கிற எட்டு வாரக் கவனப் பயிற்சி வகுப்பு. ஜான் கபாட்-ஜின் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கியது. ஒரே ஒரு உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடுவதில் தொடங்குவார்கள். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் பயிற்சி. ஆசிரியர் கேள்வி கேட்பார், அதனால் ஏமாற்ற முடியாது. இணையவழியிலும் நடத்துகிறார்கள், கட்டணம் கொஞ்சம் கடிக்கும். இதில் இறைவன் இல்லை. உங்களுக்கு வேண்டியது மன அமைதியா, ஆன்மிகமா என்று இங்கேயே தெளிவாகிவிடும்.

## செய்யும் வேலையே சாதனை

கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உள்ளூர ஆசை இதில்தான். இதுதான் வெளியே பார்க்கச் சுலபமாகவும் உள்ளே போனால் கஷ்டமாகவும் இருக்கிற வழி.

நமக்கு இது புதிதில்லை. அறுபத்துமூவரில் திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணி வெளுத்தவர். திருநீலகண்டர் தில்லையில் மண்பாண்டம் வனைந்து அடியார்களுக்குத் திருவோடு கொடுத்தவர். ரமண மகரிஷி ஆசிரமச் சமையலறையில் விடிவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து காய் நறுக்கினார், இலை தைத்தார். வியட்நாம் துறவி திக் நியட் ஹான் (1926–2022) பிரான்சில் 1982-இல் அமைத்த பிளம் வில்லேஜில் பாத்திரம் கழுவுவதும் தியானம்தான். அங்கே மணி ஒலித்தால் பேசுகிறவர், நடக்கிறவர், வெட்டுகிறவர் எல்லோரும் அப்படியே நின்று மூன்று முறை மூச்சு விடுவார்கள்.

இவற்றுக்குள் ஒரு வேறுபாடு இருக்கிறது, தேர்வு செய்ய அது உதவும். நாயன்மார் வேலை 'யாருக்காக' என்பதில் ஊன்றியது. வந்து நிற்பவர் அடியார், அவர் துணி என் கையில் என்ற நினைவுதான் அங்கே சாதனை. திக் நியட் ஹான் சொல்வது 'எப்படி' என்பதைப் பற்றியது. தட்டைக் கழுவும்போது தண்ணீரின் சூடும், நுரையும், விரலில் வழுக்கும் விளிம்பும் மட்டும். பக்தி மனசுக்காரர்களுக்கு முதல் வகை சட்டென்று ஒட்டிக்கொள்ளும். கடவுள் விஷயத்தில் இன்னும் முடிவுக்கு வராதவர்களுக்கு இரண்டாவது தோதுப்படும்.

சிக்கல், பிசகினால் யார் சொல்வது என்பதில்தான். பாத்திரத்தை மனசு எங்கோ இருக்கும்போதும் கழுவி முடிக்கலாம், பளபளப்பு குறையாது. அதனால் எந்த வேலையைச் சாதனையாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இந்த வழி தேறும்.

சிக்குக் கோலத்தைப் பாருங்கள். தெளித்த தரை காய்வதற்குள் புள்ளி வைக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு ஒரே சீராக இறங்க வேண்டும். அவசரப்பட்டால் இழை தடிக்கும், யோசனையில் நின்றால் திட்டு விழும். புள்ளியைச் சுற்றி வளைந்து போகும் இழை கடைசியில் தொடங்கின இடத்துக்கே வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு திருப்பத்தில் மனசு ஆபீசுக்குப் போய்வந்திருந்தால், பத்துப் புள்ளி தாண்டி இழை வந்து முட்டுச்சந்தில் நிற்கும். எந்தத் திருப்பத்தில் விட்டோம் என்றுகூடத் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். விபாசனா ஆசிரியர் செய்கிற வேலையைத் தரையே செய்துவிடுகிறது. ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருப்பவர்கள் வேறு வேலைதான் பார்க்க வேண்டும்.

முருங்கைக்கீரை உருவுவதும் அந்த ரகம்தான். கவனம் போனால் காம்பு சேர்ந்து விழும், சாப்பிடும்போது பல்லில் மாட்டும். எனக்கு இது பிடித்த வேலை என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை, அது வேறு விஷயம். பூக் கட்டுவது, கையால் தைப்பது, சுருதிப்பெட்டியோடு பாடுவது எல்லாம் இதில் சேரும். கைக்கு வேலை, முடிவு கண்ணுக்குத் தெரியும், தப்பு உடனே காட்டிக்கொடுக்கும். இந்த மூன்றும் இருக்கிற வேலையாகப் பாருங்கள்.

தவிர்க்க வேண்டியதும் உண்டு. பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது டிபன் பாக்ஸ் கட்டுவதில் தியானம் தேடாதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும். வண்டி ஓட்டும்போது மூச்சைக் கவனிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், சாலையைக் கவனியுங்கள், அதுவே போதும்.

பிளம் வில்லேஜில் அடிப்பது போன்ற மணிக்கு எங்கே போவது என்று கேட்டால், குக்கர் விசில் இருக்கிறது. விசில் வந்ததும் கையை நிறுத்தி ஒரு மூச்சை முழுசாக விட்டு வாங்குங்கள். மூன்று விசிலுக்கு மூன்று மூச்சு. பருப்பும் வெந்திருக்கும்.

இந்த வழியின் பெரிய செலவு இன்னொன்று. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. "சமையலே தவம், வீடு பெருக்குவதே பூஜை" என்று மேடையில் சொல்கிறவர் பெரும்பாலும் விளக்குமாற்றைத் தொட்டிருக்க மாட்டார். நாள் முழுக்க வீட்டு வேலையில் முடங்கிக் கிடக்கிற பெண்ணிடம் போய் அதையே தியானமாக நினைத்துக்கொள் என்பது, வேலையைப் பங்கிட மனமில்லாதவர்களுக்கு வசதியான பேச்சு. ரமணர் காய் நறுக்கினாரே, அவர் குழந்தைப் பருவத்திலிருந்து அந்த வேலை தலையில் கட்டப்பட்டவர் இல்லை, தானாக உட்கார்ந்தவர். எனவே நான் சொல்வது: உங்கள் தலையில் விழுந்த வேலையை விட்டுவிட்டு, நீங்களாக எடுத்துக்கொள்கிற வேலையைச் சாதனையாக வையுங்கள். ஆண்களுக்கு அது சுலபம், இதுவரை தொடாத ஒன்றை எடுத்தால் போதும். ராத்திரிப் பாத்திரம் கழுவுவதை ஒருவர் தினமும் தன் சாதனையாக எடுத்துக்கொண்டால், வீட்டில் இன்னொருவருக்கு உட்கார்ந்து தியானிக்க அரைமணி நேரம் கிடைக்கும்.

## ஐந்தாவதாக ஒன்று: உழவாரப்பணி

யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உட்காரவே முடியாத, கை கால் துறுதுறுவென்று இருக்கிற இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். புல் செதுக்கும் உழவாரத்தைக் கையில் ஏந்தி நிற்கும் அப்பர் சிலையை எல்லோரும் பார்த்திருப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோவில்களில் களையெடுத்து, பிரகாரம் கழுவிவிடுகிற குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன. கோவில் நிர்வாகத்தின் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். கையுறையும் குடிநீரும் எடுத்துப்போங்கள், புதரில் கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். வேலை நடந்ததா இல்லையா என்று மதியத்துக்குள் தரை சொல்லிவிடும். குறை என்னவென்றால், வாரத்தில் மீதி ஆறு நாளுக்கு இது ஒன்றும் செய்யாது.

## யாருக்கு எது

கல்யாணம் ஆகாதவர், வேலை மாறும் இடைவெளியில் இருப்பவர், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டவர்: விபாசனா. வாழ்க்கையில் அந்தப் பன்னிரண்டு நாள் எளிதில் கிடைக்கிற காலம் குறைவு, கிடைக்கும்போது போய்விடுங்கள்.

கோபம்தான் பிரச்சினை, அதிலும் வீட்டு ஆட்களிடம்தான் கோபம் என்றால் மன்றம். சாமி, தத்துவம் எதுவும் ஒட்டாது என்றால் எட்டு வார வகுப்பு. இரவுப் பணி, நேரம் நிலையில்லாத வேலை என்றால் ஆப்பில் மூச்சுப்பயிற்சியைக் கற்றுக்கொண்டு, பழகியதும் நீக்கிவிட்டு, சாதாரண அலாரத்தோடு உட்காருங்கள்.

கைக்குழந்தைக்காரர்கள், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்கள் கோலமோ கீரையோ ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதோடு குக்கர் விசில். இன்று செய்ய முடியவில்லையே என்ற குற்றவுணர்ச்சியைத் தராத வழி உங்களுக்கு இது மட்டும்தான்.

கலக்கலாமா என்றும் கேட்கிறார்கள். விபாசனாவையும் தீட்சை வாங்கிச் செய்யும் குண்டலினித் தவத்தையும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டாம். ஒன்று உடம்பில் தானாக வருவதைப் பார்க்கச் சொல்கிறது, மற்றது ஓர் இடத்தில் மனத்தை நிறுத்தச் சொல்கிறது. விபாசனா ஆசிரியர்களும் முறைகளைக் கலக்க வேண்டாம் என்றே சொல்வார்கள். ஒன்றை எடுத்து ஒரு வருடம் பார்த்துவிட்டு மாற்றுங்கள். வேலையைச் சாதனையாக்குவது மட்டும் எதோடும் சண்டை போடாது. மன்றத்துக்குப் போகிறவர் கோலத்தை நிறுத்த வேண்டியதில்லை, முகாமிலிருந்து திரும்பியவருக்கும் தேய்க்கப் பாத்திரம் இருக்கும்.